ரிஜெக்ட் சார் ஷேவிங் பிரஷ் கொண்ட படலம்

வாழிய! நாளொன்றுக்கு எண்ணூறு பிளாஸ்டிக் வாளிகளைக் கவிழ்த்தும் தட்டியும் திருகியும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தும், குற்றமுடையவற்றின் அடிவயிற்றில் செந்நிற முத்திரையை ஓங்கிக் குத்தும் திருக்கரம் வாழிய! கைப்பிடி அரை மில்லிமீட்டர் கோணினும் பொறாத கூர்விழி வாழிய! மயிரிழைப் பருமனையும் அளக்கும் வெர்னியர் காலிப்பர் என்னும் வெள்ளிய கவட்டுவாளைச் சட்டைப்பையில் உறையிட்டு உலவும் மார்பு வாழிய! வாளித் தொழிற்சாலையின் தரப்பரிசோதகரும், முகத்துக்கு நேரே 'சார்' என்றும் முதுகுக்குப் பின்னால் 'ரிஜெக்ட் சார்' என்றும் அழைக்கப்படுபவரும், நாற்பத்திரண்டு அகவை நிரம்பியவருமாகிய ஒரு பெருவீரர், தமக்கென்று ஒரு ஷேவிங் பிரஷ் தேர்ந்தெடுத்த வரலாற்றைச் சொல்லப் புகுந்தோம். சொல்லிலும் பொருளிலும் பிழை இருப்பின் அவையோர் பொறுத்தருள்க. அவர் பொறுக்க மாட்டார்.

போருக்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா? இந்தப் போருக்குக் காரணம் எட்டு மாதக் குழந்தை. பதினோராண்டு காத்திருந்து, மருத்துவமனைப் படிகளெல்லாம் தேய ஏறி இறங்கி, இனி இல்லை என்று இருவரும் மனத்தைத் தேற்றிக்கொண்ட பிறகு வந்து பிறந்த மகள். ஒரு புதன்கிழமை மாலை நம் தலைவர் அவள் கன்னத்தோடு தம் கன்னத்தை வைத்து இழைத்தார். அவர் கன்னமோ காலையில் மழித்தால் மாலைக்குள் உப்புத்தாளாகும் இயல்பினது. அதையும் அவர் பசையை விரலால் இரண்டு தேய் தேய்த்து, பேருந்துக்கு நேரமாயிற்று என்று பிளேடால் வறட்டு வறட்டென்று இழுத்து வைத்திருந்தார். குழந்தையின் பட்டுக் கன்னம் நொடியில் சிவந்து தடித்தது. பள்ளியில் கணக்கு நடத்துபவரும், விடைத்தாளில் அரை மதிப்பெண்ணைக்கூடக் கெஞ்சிப் பெற முடியாதவருமாகிய இல்லத்தரசி, இடுப்பில் மகளை ஏற்றிக்கொண்டு தீர்ப்பு வழங்கினார்.

"இங்க பாருங்க, புள்ள கன்னம் எப்படி செவந்து போச்சுன்னு. மூஞ்சிய வழவழன்னு ஆக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் அவ கிட்டயே வரக் கூடாது, சொல்லிட்டேன்."

எண்ணூறு வாளிகளை நடுங்க வைத்தவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வாழ்நாளில் முதன்முறையாக அவர் முகத்திலேயே முத்திரை விழுந்திருந்தது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். அவருக்கு வலித்தது.

அவ்வேளை, மாடி அறையில் குடியிருப்பவரும் கைப்பேசிகளைப் பிரித்துப் பழுதுபார்ப்பவருமாகிய மனைவியின் தம்பி, கழுவிய பீங்கான் போன்ற கன்னங்களோடு இறங்கி வந்து, அக்காளிடமிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, தோற்றவர்க்கு அறிவுரை சொல்வதில் வென்றவர்க்கு உள்ள பேரின்பத்தோடு திருவாய் மலர்ந்தார்.

"மாமா, நீங்க விரல்ல தேய்க்கிறீங்க பாருங்க, அதான் தப்பு. பிரஷ் வாங்குங்க மாமா. தாடி நுரையில நல்லா ஊறணும். என்னோடத வேணா எடுத்துக்குங்க."

தம்பி நீட்டியது பன்றி மயிர்ப் பிரஷ். நம் தலைவர் அதை நனைத்து, மூக்கருகே கொண்டுபோய், மழையில் நனைந்த நாயை நினைத்து, தலையை ஒருமுறை பக்கவாட்டில் அசைத்தார். இல்லத்தரசியும் மிருகத்தின் மயிர் எதுவும், கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைக்கும் பிள்ளை உள்ள வீட்டில் ஆகாது என்றார். எனவே செயற்கை இழைப் பிரஷ் என்று முடிவாயிற்று. முடிவான கையோடு வீரர் சூளுரைத்தார்: தரமற்ற கருவியால் உற்பத்தி நடத்துவது தம் தொழிலறத்துக்கு அடுக்காது, தக்க பிரஷ் கிட்டும்வரை ரேசரைத் தொடேன்! இதைக் கேட்டு விண்ணோர் பூமாரி பொழிந்ததாகத் தெரியவில்லை. குழந்தை ஏப்பம் விட்டது.

அதன்பின் ஐந்து நாள்கள் அவர் கைப்பேசி வழியே மழித்தற்கலையின் மாபெரும் பண்டிதர் கூட்டத்துள் புகுந்து திரிந்தார். உலகில் இத்தனை பேர் இதையே முழுநேர வேலையாகச் செய்கிறார்கள் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. இழை மெத்தென்று இருக்கவேண்டும் என்பாரும், மெத்தென்று இருந்தால் அது பிரஷே அன்று, வில்போல் நிமிரவேண்டும் என்பாரும், இழைக்கற்றையின் விட்டம் இருபத்துநான்கு மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழையும் மிகலாகாது என்பாரும், ஒருவர் பிரஷை ஒருவர் ஏசி, அந்த ஏச்சு பிரஷிலிருந்து குடும்பம் வரை போய், ஒரு பெரும்போரே அங்கு மூண்டிருந்தது. நம் தலைவர் அனைவர் சொல்லையும் கேட்டு, எவர் சொல்லையும் ஏற்காமல், பதினேழு கட்டங்கள் கொண்ட ஆய்வுப் படிவம் ஒன்றைத் தாமே வரைந்தார்.

ஆறாம் நாள் கடைமேல் சென்றார். சீப்பு, கண்ணாடி, பவுடர், நகவெட்டி என உலகின் அலங்காரமெல்லாம் ஒரே சந்தில் அடுக்கிய அந்தக் கடையின் உரிமையாளர், யாரைப் பார்க்கிறோம் என்று அறியாமல், ஆறு செயற்கை இழைப் பிரஷ்களை மேசைமேல் வரிசையாக நிறுத்தினார். கவட்டுவாள் உறைவிட்டு வெளிவந்தது. முதற் பிரஷ் விட்டத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் குறைந்து வீழ்ந்தது. இரண்டாமது உள்ளங்கையில் அழுத்திய மாத்திரத்தில் துவண்டு, நிமிர மனமின்றிக் கிடந்தது. மூன்றாவதன் கைப்பிடி அம்மிக் குழவியின் கனமுடையதாய், நான்காவது பசைநாற்றம் வீசுவதாய், ஐந்தாவதோ மேசையில் நிறுத்தினால் இடப்பக்கம் சாய்வதாய், ஒன்றன்பின் ஒன்றாகக் களத்தில் மாண்டன. பின்னால் நகவெட்டி வாங்க வந்த அம்மையார் மூன்று முறை செருமினார். கடைக்காரர் எத்தனையோ பேரைப் பார்த்தவர்தான். எனினும் அவர் பொறுமையும் ஓர் எல்லைக்கு வந்தது.

"சார், தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன். இது தாடிக்கா, ராக்கெட்டுக்கா?"

அச்சொல் செவியில் ஏறாமலே வீரர் ஆறாவதைக் கையிலெடுத்தார். வெண்ணிற அடியும் கருநிற இடையும் மீண்டும் வெண்ணிற நுனியுமாக, இழைக்கற்றை விரிந்த மொக்குப்போல் நின்றது. விட்டம் இருபத்துநான்கு. அழுத்தினால் வளைந்தது, விட்டால் எழுந்தது, கன்னத்தில் தடவினால் தடவியது தெரியவே இல்லை. முக்கால் மணி நேரத்துக்குப் பின் அவர் பையில் அது ஏறியபோது கடைக்காரர் விட்ட பெருமூச்சில் தொங்கிக்கொண்டிருந்த ரிப்பன்கள் ஆடின.

வீட்டில் மூன்று நாள் அறப்போர் நடந்தது. வெந்நீரில் ஊறவைத்தார், இழை சுருளவில்லை. இடுப்புயரத்திலிருந்து தரையில் மூன்று முறை போட்டார், கைப்பிடி பிளக்கவில்லை. நனைத்து உதறிக் கடிகாரம் பார்த்தார். சொன்ன நேரத்தில் உலர்ந்தது. பதினாறு கட்டங்களில் சரிக்குறி வீழ்ந்தது. பதினேழாம் கட்டம், இழை பிடுங்குசோதனை. வாளித் தொழிற்சாலையின் விதி யாதெனில், வந்த சரக்கில் ஒன்றை எடுத்து, அது முழுதாக அழியும்வரை சோதிக்கவேண்டும். அழிந்தது தேறினால் மீந்தவையெல்லாம் தேறின என்பதாம். இருபதாண்டு பழகிய கை தானே வேலை செய்தது. குறடு ஏந்தி, ஒவ்வோர் இழையாகப் பற்றி, எத்தனை விசைக்கு விடுகிறது என்று குறித்துக்கொண்டே சென்றார். மாலையில் இல்லத்தரசி எட்டிப் பார்த்தார்.

"தேறிடுச்சா?"

"சூப்பரா தேறிடுச்சு. ஒரு இழைகூட லேசுல வரல."

"அப்ப பிரஷ் எங்க?"

தலைவர் கீழே பார்த்தார். மேசைமேல் ஒரு கைப்பிடி நின்றது. வழுவழுவென்று, ஓர் இழையும் இல்லாமல் நின்றது.

மீண்டும் கடைமேல் சென்றார். அந்த வகை தீர்ந்துவிட்டது, அடுத்த பெட்டி வரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று கடைக்காரர், மறைக்க முயன்றும் மறையாத மகிழ்ச்சியோடு அறிவித்தார். மற்றொரு பிரஷால் சமாளிக்கலாமே என்பீர்கள். வாளிகளைக் கேளுங்கள், அவர் சமாளித்த கதை ஒன்று உண்டா என்று.

அந்நாள்களில் அவர் கன்னத்தில் காடு மண்டியது. முகவாயில் நரையும் கருமையும் கலந்து அலையடித்தது. தொழிற்சாலைக் காவலாளி அடையாள அட்டையை இரண்டு முறை வாங்கிப் பார்த்தார். நாள்தோறும் மாலையில் நம் தலைவர் மூன்றடி தள்ளித் தரையில் அமர்ந்து, வாயால் மோட்டார் ஓட்டியும் கண்ணை உருட்டியும் வேடிக்கை காட்ட, தாயின் மடியிலிருந்த மகள் அந்தத் தாடியையே பார்த்துக் கெக்கலித்துக் கைநீட்டினாள். அந்த மூன்றடி அவருக்கு மூன்று கடலாக இருந்தது. கடலைத் தாண்டச் சொன்னவர் பகைவராகிய தம்பியேதான்.

"மாமா, இப்ப தொட்டுப் பாருங்க, குத்தவே இல்ல, மெத்துன்னு ஆயிடுச்சு. சும்மா புள்ளைய வாங்கிக்கோங்க மாமா."

"ஆமாங்க," என்றார் இல்லத்தரசியும். குரல் இளகியிருந்தது. "நான் அன்னிக்கு ஏதோ கோவத்துல சொன்னேன். வாங்கிக்கோங்க."

ஒரு சராசரி மனிதர் அந்த நொடியில் கை நீட்டியிருப்பார். நம் தலைவரின் கைகளும் நீளத்தான் பார்த்தன. ஆனால் நிபந்தனையில் எழுதப்பட்டது வழவழப்பு, மெத்து அன்று. ஒன்றைக் கேட்டு மற்றொன்றைக் கொடுத்த சரக்கை அவர் இருபதாண்டில் ஒருமுறைகூட உள்ளே விட்டதில்லை. தம்மை மட்டும் எப்படி விடுவார்? "வழவழன்னு ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு, எழுந்து வெளியே போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். ஏற்கெனவே ஊற்றிய செடி அது.

பெட்டி வந்தது. ஒரே பெட்டியிலிருந்து இரண்டு பிரஷ்கள் வாங்கினார். ஒன்று குறட்டுக்குப் பலியாயிற்று, மற்றது தேறியது. இருபத்தைந்தாம் நாள், விடிந்து வெயில் ஏறிய ஞாயிறு, குளியலறைக் கதவு சாத்தப்பட்டது. அந்தோ, அங்கு நிகழ்ந்ததை எந்நாவால் சொல்வோம்! கத்தரிக்கோல் முன்படையாகச் சென்று காட்டைத் திருத்த, வெந்நீர் பின்தொடர, செயற்கை இழைப் பெருந்தகை சோப்பின்மேல் சுழன்று சுழன்று எழுப்பிய நுரை கிண்ணம் ததும்பி, கன்னம் ஏறி, காதுமடல் கடந்து, கண்ணிமை ஓரம்வரை பொங்கிப் பாய, அதனுள்ளே புகுந்த ஒற்றைப் பிளேடு ஒரு முனகலும் இன்றி, ஒரு கீறலும் இன்றி, ஒரு துளி குருதியும் காணாது மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாக இருமுறை உலா வந்து களத்தைத் துடைத்து முடிக்க, கண்ணாடியில் ஒரு முகம் உதித்தது. பஞ்சைக் கிள்ளி அதன்மேல் இழுத்தார். ஓரிடத்தும் மாட்டவில்லை. இருபதாண்டில் முதன்முறையாக ஒரு பொருளைப் பார்த்து ரிஜெக்ட் சார் சிரித்தார்.

கதவு திறந்தது. கூடத்தில் தம்பி எழுந்து நின்று வழிவிட்டார். இல்லத்தரசி புறங்கையால் அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "அட, நெஜமாவே வழவழன்னு இருக்கு. நூத்துக்கு நூறு" என்று, எந்த மாணவனும் கேட்டறியாத சொல்லைச் சொல்லி மகளை நீட்ட, இருபத்தைந்து நாள் பட்டினி கிடந்த கரங்கள் இரண்டும் விரிய, பதினோராண்டு வேண்டிப் பெற்ற செல்வத்தை ஏந்தி, பதினேழு கட்டங்களிலும் தேறிய பிரஷால் பக்குவமாகிய அத்திருமுகத்தை அவர் மெல்ல, மெல்லக் கீழே தாழ்த்த, முரசங்கள் ஆயிரம் ஒருங்கே அதிர்ந்தாற்போல் ஓர் அலறல் எழுந்து, சின்னஞ்சிறு கைகள் அம்முகத்தைத் தள்ளி, மேனி முழுதும் வில்லாய் வளைந்து, பக்கத்தில் நின்ற மாமன் கழுத்தை எட்டிப் பற்றிக்கொண்டு நடுங்கியது.

குழந்தைக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை.