நானா வீட்டு விலையை எறக்கப் போய்

ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். பக்கத்து வீட்டைப் போய்ப் பாத்துட்டு வரணும்.

பக்கத்து வீடுன்னா, டிக்கோயாவுல எங்க சுவரை ஒட்டி இருக்குற ரஷீத் நானா வீடு. கண்டியில மகனோட போய் இருக்கப்போறாருன்னு விக்கிறாரு. அதை வாங்கி வாடகைக்கு விட்டா ரெண்டு வாடகை! ஏற்கனவே எங்க மாடியில இருக்குற செல்வி டீச்சர் தர்ற வாடகையிலதான் நம்ம பேங்க் லோனே ஓடுது.

போன்ல ஒரு வீடியோ பாத்தேன். "வீட்டு விலை எறங்கப்போகுது, அவசரப்படாதீங்க"ன்னு கோட்டு போட்ட ஒருத்தர் சொன்னாரு. ஒரே வீடியோதான். நான் நிபுணன் ஆயிட்டேன்!

நானா வீட்டைச் சுத்திக் காட்டினாரு. நான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டே பாத்தேன்.

"விலை எல்லாம் எறங்கப்போகுதாமே நானா?"

"எங்க தம்பி எறங்குது? இந்த மலையில வீடு கட்ட ஒரு துண்டு சமதரை காட்டுங்க பாப்போம். வேணும்னா எடுங்க, இல்லாட்டி ப்ளேன்டீயைக் குடிச்சிட்டுப் போங்க."

ப்ளேன்டீயைக் குடிச்சிட்டு வந்தேன். எறங்காதாம்ல? சரி, நாமளே எறக்கிருவோம்!

நான் தோட்டத்து ஆபீஸ்ல கிளாக்கர். மறுநாள் காலையில வேலை பிரிச்சுக் குடுக்குற பெரட்டுக்குப் போயி, முத்தையா கங்காணி காதுல மெதுவாப் போட்டேன்.

"நானா வீட்டுக்குப் பின்னாடி மண்மேடு எறங்குற மாதிரி இருக்குண்ணே. யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."

"சே சே, நான் எதுக்குங்க சொல்றேன்?"

பெரட்டுல ரகசியம்னு ஒண்ணைச் சொன்னா, கொழுந்து எடுக்குற ஆளுங்களுக்கு முன்னாடி அது மலை ஏறிரும். கொழுந்து நிறுக்க எறங்கி வந்த அக்காமார் எனக்கே சொன்னாங்க.

"கிளாக்கரய்யா, நானா வீட்டு மேடு வெடிச்சிருச்சாமே! பீலியில வர்ற குடிதண்ணி கலங்கிருச்சாம்! வீட்டுக்குள்ள அலுமாரி தன்னால நகருதாம்!"

எனக்கு ஒரே குஷி. அந்த வாரமே நானா விலையைக் கொறைச்சாரு. ஓடிப்போய் வாங்கியிருக்கணும். இன்னும் எறங்கட்டும்னு உக்காந்துட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் டீச்சர் படியில நின்னாங்க.

"சேர், நான் மாடியைக் காலி பண்ணலாம்னு இருக்கேன். மண்மேடு எறங்குதாமே?"

"அது நானா வீட்டு மேடு டீச்சர்!"

"ரெண்டு வீட்டுக்கும் பின்னாடி ஒரே மேடுதானே சேர்?"

சத்தியமா இது எனக்குத் தோணவே இல்லீங்க. வீடியோவுலயும் சொல்லல.

"எந்த நாசமாப் போனவன் இந்தப் புரளியைக் கெளப்புனான்?"னு என் வீட்டுக்காரி சுமதி வாசல்ல நின்னு திட்டினா. நானும் கூடச் சேந்து திட்டினேன்.

ரெண்டு நாள்ல டீச்சரே மண்சரிவு பாக்குற ஆபீசர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவரு மேட்டைப் பூராப் பாத்தாரு. மேட்டுக்கு ஒண்ணும் இல்லையாம். என் வீட்டுல தண்ணி ஓடுற கானைப் பாத்துதான் மூஞ்சியைச் சுளிச்சு, சிங்களத்துல சொன்னாரு.

"மே கானுவ சுத்த கரன்ன மாத்தயா!"

அடைச்சுக் கெடக்குற கானைத் துப்புரவு பண்ணணுமாம். ஊரே வேடிக்கை பாக்குது. போனாப் போகுது, டீச்சர் போக மாட்டாங்கல்ல?

"அப்ப மாடியிலயே இருப்பீங்கதானே டீச்சர்?"

"இல்ல சேர். வாங்க ஆளே வரலைன்னு நானா விலையை நல்லாக் கொறைச்சிட்டாரு. மேடு நல்லா இருக்குன்னு ஆபீசர் சொல்லட்டும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். அந்த வீட்டை நானே எடுத்துக்கிறேன்."

நான் கானைத் துப்புரவு பண்ணப் போனேன்.

நானா கண்டிக்குப் போற அன்னிக்கு என் கையைப் புடிச்சு, "விலை எறங்கும்னு அன்னிக்கே சொன்னீங்க தம்பி, நான்தான் கேக்கல"ன்னாரு. வெக்கத்துல எனக்குத் தலை நிமிரல.

இப்ப மாடி காலி. லோன் மட்டும் அப்பிடியே இருக்கு. மேடு நல்லா இருக்குன்னு தெனமும் பெரட்டுல சத்தமாவே சொல்றேன்.

ஒருத்தரும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்குறாங்க!