எங்கள் வீட்டுக் காவல் இனி என் பொறுப்பு

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே களவு போகாமல் மிச்சமிருப்பது எங்கள் சுகம் ஒன்றுதான். அதிலும் உன் அண்ணியிடம் பாதிதான் இருக்கிறது.

கொல்லையில் இருந்த தண்ணீர் மோட்டாரைப் பட்டப்பகலில் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த உன் அண்ணி, நான்தான் ரிப்பேருக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்து, "பார்த்துத் தூக்குப்பா, இடுப்பு புடிச்சுக்கப் போவுது" என்று வேறு சொல்லியிருக்கிறாள். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். "மோட்டாரை வெளியில வச்சது யாரு?" என்றார் ஏட்டையா. "நான்தாங்க." "பூட்டாம விட்டது?" "நான்தாங்க." "அப்ப நான் யாரைப் புடிக்கட்டும்?" என்றார். எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. "அவங்கவங்க வீட்டை அவங்கவங்கதான் பார்த்துக்கணும், பெரியவரே" என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

சரியென்று இரும்பு கேட் போட்டு, கேமராவும் மாட்டினேன். அதில் எதிர்வீட்டுத் தையல்காரர் வாசலும் விழுந்தது. "என்னையும் திருடன்ல சேர்த்துட்டீங்களா சார்?" என்று கேட்ட மனுஷன், அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். நாங்கள் வெளியூர் போனால் இத்தனை வருஷமும் வீட்டைப் பார்த்துக்கொண்டது அவர்தான். போன வாரம் நாங்கள் கண் டாக்டரிடம் போயிருந்தபோது, கேமராவையும் கழற்றி, கேட்டையும் கீலோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தையல்காரரிடம் கேட்டால், மெஷினை நிறுத்தாமலே, "பார்த்தேன் சார். பார்க்கத்தான் கேமரா இருக்கே, நமக்கென்னன்னு விட்டுட்டேன்" என்கிறார். இரும்பு போனால் போகட்டும், மனுஷனின் உறவே போய்விட்டதே என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏட்டையாவிடம் சொன்னதற்கு, "கேமராவுக்குக் காவல் போடலையா?" என்றார்.

இப்போது நானே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனையெல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் அண்ணி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நான் தட்டினாலும் "எந்தப் புருஷன்?" என்று கேட்கிறாள். நாம் செத்தாலும் போலீஸ் இந்தத் தெருவை எட்டிப் பார்க்காது, தன் கையே தனக்குக் காவல் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நூறு வயது வாழட்டும், பூட்டிய வீட்டில்.

வாசலிலிருந்தே வாழ்த்தும்,
உன் அண்ணன்

பி.கு.: போலீஸ் ஜீப் வந்துவிட்டது. சந்தேகப்படும்படியான ஆள் ஒருவன் தெருவில் உட்கார்ந்து பெண்களை முறைக்கிறான் என்று யாரோ போன் செய்தார்களாம். போனை வைப்பதற்குள் வந்து நிற்கிறார்கள். உன் அண்ணியோ, போலீஸ் என்றால் இவ்வளவு சீக்கிரம் வராது, இவர்கள் வேறு யாரோ என்று கதவைத் திறக்க மறுக்கிறாள். மாப்பிள்ளையை ஜாமீனுக்கு அனுப்பி வை.