ஸ்லைடுக்குப் பின்னால் ஏலக்காய்

“ஏத்தா, எழுத்த எங்க காணோம்?”

கடை முதலாளி தங்கபாண்டி கம்ப்யூட்டர் திரையில் மூக்கு உரசத் தேடினார். எழுத்து அங்கேதான் இருந்தது. பின்னணியில் சிவரஞ்சனி போட்டிருந்த ஏலக்காய்க் குவியல் அதை விழுங்கியிருந்தது. முதலில் ஸ்லைடுகள் வெள்ளையாகத்தான் இருந்தன. “எழவு வீட்டு நோட்டீசு மாதிரி இருக்கு, பின்னாடி நம்ம காயைப் போடு” என்று சொன்னதே அவர்தான். அதை அவள் நினைவுபடுத்தவில்லை. அவளுக்கு எதிர்த்துப் பேச வராது.

விருதுநகர் மொத்த வியாபாரி வேலுச்சாமி போடிக்கு வந்துகொண்டிருந்தார். அவர் ஆர்டர் கொடுத்தால், இந்த ஏலக்காய்க் கடையில் தரம் பார்க்கும் வேலை சிவரஞ்சனிக்கு நிரந்தரம். இல்லையென்றால் திருப்பூரில் அக்கா வீட்டில் தங்கி வேறு வேலை தேட வேண்டியதுதான்.

“படத்தை மங்கலாக்கிடுறேன் சார்.”

மங்கலாக்கினாள். எழுத்து தெரிந்தது. தங்கபாண்டி அலறினார்.

“வெளுத்துப்போன பழைய காய் மாதிரி இருக்கேத்தா! நெறம் போனா வெலை போச்சு. வெரசா பச்சையாக்கு!”

பச்சையை ஏற்றினாள்.

“இன்னும்.”

ஏற்றினாள்.

“இன்னும்!”

இன்னும் ஏற்றினாள். தங்கபாண்டி இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார்.

“சாயம் முக்குன காய்னு ஊரே சிரிக்குமே!”

“மலைப் படம் போடட்டுமா சார்? குரங்கணில எடுத்தது இருக்கு.”

போட்டுக் காட்டினாள்.

“மஞ்சு எறங்கிக் கெடக்கு. காய்ல ஈரம் இருக்குன்னு நெனைப்பாரு.”

அவரே சுவரிலிருந்து மாலை போட்ட படத்தைக் கழற்றி வந்தார். “எங்கய்யா. கடைய ஆரம்பிச்சவரு. இவரைப் போடு.”

சிவரஞ்சனி அதைப் போனில் படமெடுத்துப் போட்டாள். ‘பூச்சி அரிப்பு இல்லை’ என்ற வரி அய்யாவின் மீசை மேல் போய் உட்கார்ந்தது.

“எங்கய்யா மீசையில பூச்சியா!”

ஒன்றை அழித்தால் இன்னொன்று வந்தது. வாசலில் ஹாரன் கேட்டபோது, ஒரு ஸ்லைடில் வெளுத்த காய், ஒன்றில் சாயக் காய், ஒன்றில் மஞ்சு மூடிய மலை, கடைசியில் மீசை.

வேலுச்சாமி உள்ளே வந்தார். பின்னாலேயே அவருடைய டிரைவரும் வந்தார்.

“அண்ணே, வண்டிக்காரவுகளுக்கு இங்க என்ன சோலி? எதுத்தாப்ல போய் டீ குடிங்க, நம்ம கணக்கு” என்று தங்கபாண்டி அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். வேலுச்சாமி என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தங்கபாண்டி விளக்கை அணைத்தார்.

சிவரஞ்சனி ஸ்லைடுகளைத் தன் காதுக்கே எட்டாத குரலில் வாசித்தாள். வெளுத்த காய்க்கும் வேலுச்சாமியின் முகம் மாறவில்லை. சாயக் காய்க்கும் மாறவில்லை. மஞ்சைப் பார்த்தும் சும்மா இருந்தார். மீசை வந்ததும் எழுந்து கும்பிட்டார்.

விளக்கு எரிந்தது. தட்டிலிருந்த மாதிரிக் காயை அவர் முகர்ந்தார். ஒன்றைக் கடித்தார். தட்டைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கீழே வைத்தார்.

“என் டிரைவரக் கூப்பிடுங்க.”

தங்கபாண்டி சிவரஞ்சனியை ஓரமாக இழுத்தார். “கெளம்பிட்டாரு. அந்தச் சாயப் பச்சைதான் கெடுத்துருச்சு. போய் டிரைவரக் கூட்டியா. அப்படியே வீட்டுக்குப் போயிரு. நாளைக்கு வர வேணாம்.”

இன்னும் ஏற்றச் சொன்னது யார் என்று கேட்க நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டுத் தெருவைக் கடந்தாள். டீக்கடை பெஞ்சில் இருந்த டிரைவர் அவள் கண்ணீரில் கலங்கலாகத் தெரிந்தார்.

“அண்ணே, ஒங்க முதலாளி கெளம்புறாரு. கூப்பிடுறாரு.”

டிரைவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“கெளம்புறதுக்கு இல்ல தாயி. அவுக கண்ணுக்குப் பச்சையும் செவப்பும் ஒண்ணுதேன். காயோட நெறம் பாத்துச் சொல்லத்தேன் என்னைய இம்புட்டு தூரம் கூட்டியாந்ததே.”