டுரியான் மறைப்புப் படலம்

வாழிய கார்த்திகேசு! செர்டாங் வட்டாரச் செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லாரியைத் தேராகக் கொண்ட சாரதியே, தொப்பையையே கவசமாய்த் தரித்த தோன்றலே, உண்மையை எதிர்த்து ஒரு மாலைப்பொழுதில் நீ நிகழ்த்திய பெரும்போரைப் பாடப் புகுந்தேன். கலைமகளே, என் நாவில் அமர்ந்து காத்தருள். பாடுவது பொய்யனை என்று முகம் சுளிக்காதே, தாயே.

போருக்குக் காரணம் இனிப்பு நீர். கிளினிக்கில் அந்நோயின் பெயர் கேட்ட அன்றே, மனையாள் நவமணி அவனை முனீஸ்வரர் சந்நிதிக்கு இழுத்துச் சென்று, கற்பூரம் கொளுத்தி, "இனிப்பு அளவு இறங்குற வரைக்கும் நீங்க டுரியான் பழத்தைத் தொடக்கூடாது, உங்களுக்காக நானும் தொடமாட்டேன்" என்று சூளுரைத்தாள். டுரியான் என்றால் உயிரை விடுபவள் அவனுக்காக அதைத் துறந்தாள். அவன் உண்டு, அது தெரிந்துவிட்டால் பின்னர் எந்த முகத்தோடு அவள் முன் நிற்பது? பாவம், கார்த்திகேசு நல்லவன்தான், நாக்குத்தான் சரியில்லை.

அந்தோ, பருவம் வந்தது! சாலையோரமெங்கும் முட்கவசம் பூண்ட கனிகள் அணிவகுக்க, கடைக்காரன் மணியம், "அண்ணே, கம்போங் பழம்ணே, நம்ம நாட்டுப் பழம். ஒன்னே ஒன்னு திறக்கட்டா?" என்று அழைக்க, முகர்ந்து பார்த்தால் சத்தியம் கெடாது என்றெண்ணித் தேர்விட்டிறங்கிய மாவீரன், பொன்னிறச் சுளைகளைக் கொட்டை வெளுக்கும் வரை சப்பித் தீர்த்தான். பின்னர், முன்னோர் வகுத்த முறை வழுவாது, வெறுந்தோலில் நீர் வார்த்துக் கை கழுவி, அத்தோலிலேயே நீர் மொண்டு பருகி, "இனி எவர் மூக்கும் என்னை வெல்லாது!" என்று எண்டிசையும் அதிர முழங்கினான். கை மணம் போயிற்று. வயிற்றுக்குள் போனதைத் தோல் தண்ணீர் என்ன செய்யும்?

வீடு நோக்கித் தேர் விரைகையில் அவன் நெஞ்சத்துள் நால்வகைச் சேனை திரண்டது. யானைப்படையாய்ப் பச்சைப்பொய், குதிரைப்படையாய் அண்டப்புளுகு, தேர்ப்படையாய்ச் சரடு, காலாட்படையாய்க் கப்சா. காதில் பூச்சுற்றும் வில்லாளரும் கயிறு திரிக்கும் வேலாளரும் பக்கம் காக்க, வாய்ச்சவடாலுக்குப் பேர்போன தெம்பராங் என்னும் மலாய்த் துணைப்படையும் வந்து ஆர்ப்பரித்தது. தெம்பராங் விடுவதில் அத்தோட்டத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை.

வாசலில் நவமணி நின்றாள். அவள் நாசி ஒருமுறை விடைத்தது. மலையென நிமிர்ந்த மார்பன் ஈரடி பின்வாங்கினான்.

"என்னங்க, ஏதாச்சும் வாசம் வருதா?"

ஏவினான் சரட்டுத் தேரை! "முன்னால ஒரு டுரியான் லாரி போச்சு லா. ஜன்னல் வழியா வாசம் வந்து சட்டையெல்லாம் அப்பிக்கிச்சு."

"அதான் பாத்தேன்," என்றாள் அவள், வெகு விரைவாக. "அந்த லாரி நம்ம வாசல் வழியாத்தான் போயிருக்கும். அடுப்படி வரைக்கும் வாசம்."

வென்றான் கார்த்திகேசு! விண்ணோர் பூமாரி பொழிந்தனர், முரசம் முழங்கிற்று, பொய்யுலகின் ஏகசக்கரவர்த்தி எனத் தனக்குத்தானே முடிசூட்டிக்கொண்டு, அரியணையென நாற்காலியில் அமர்ந்தான்.

"சாப்பிட வாங்க."

"பசிக்கல. நீ சாப்பிடு."

"எனக்கும் பசிக்கலங்க."

அக்கணம், இருண்ட குடற்சிறையின் தளையறுத்து, கம்போங் பழத்தின் மணக்கொடி ஏந்தி, அவையதிர எழுந்தது ஓர் ஏப்பம். பதறிப்போய் வாயைப் பொத்தினான் வீரன். ஆனால் அது அவனுடையதன்று; நவமணியுடையது! பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் பகலில் கொடுத்த பழத்தை அவள் பின்வாசலில் அமர்ந்து ஒரு சுளை மிச்சமின்றித் தின்று, தோல் தண்ணீரில் கையும் கழுவியிருந்தாள். அவ்வேப்பத்தைக் கேட்டுப் பொறாத கார்த்திகேசுவின் வயிறும், ஒரு சங்கொலிக்கு மறுசங்கொலி போல், பதில் ஏப்பம் விடுத்தது.

இருபெரும் வேந்தரும் ஒருவரையொருவர் நோக்கினர்.

"அந்த லாரிதான்," என்றான் அவன்.

"ஆமாங்க, லாரிதான்," என்றாள் அவள்.

பிறகு நவமணி எழுந்துபோய்ச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தாள்.