கூடத்துச் சுவரில் என் கொள்ளுத்தாத்தா

என் வம்சத்தின் பெருமையை நிலைநாட்டுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போது சபதம் எடுத்தேன். வாய் நிறைய நுரை. "துப்பிட்டுப் பேசுங்க" என்றாள் மனைவி. துப்பியதில் பாதி வீரம் போய்விட்டது.

காரணம் கூடத்துச் சுவர். எங்கள் கூடத்தில் ஒரு சுவரில் ஜன்னல், ஒன்றில் அலமாரி, ஒன்றில் ஈரம். படம் மாட்ட லாயக்கானது மிச்சமிருக்கும் ஒரே சுவர்தான். அதில் மனைவியின் கொள்ளுத்தாத்தா. கறுப்புக் கோட்டு, கடிகாரச் சங்கிலி, முறுக்கிய மீசை. கல்யாணமான நாளிலிருந்து என்னை முறைத்துக்கொண்டே இருக்கிறார். வீட்டில் ஏதாவது வாக்குவாதம் வந்தால் மனைவி வாயைத் திறக்கவே மாட்டாள். அவரை ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறம் என்னை ஒரு பார்வை. தீர்ப்பு முடிந்தது.

அவரை இறக்க வேண்டும். அந்த இடத்தில் என் கொள்ளுத்தாத்தாவை ஏற்ற வேண்டும். இதில் ஒரே ஒரு சிக்கல். என் கொள்ளுத்தாத்தா யாரென்று எனக்கே தெரியாது.

குடிநீர் அலுவலகத்தில் குழாய் வரைபடம் போடுகிறவன் நான். பூமிக்கடியில் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்று கண்டுபிடிப்பவனுக்கு ஒரு கொள்ளுத்தாத்தா எம்மாத்திரம்? அலுவலகத் தாளிலேயே வம்சத்தை வரைந்தேன். தாத்தா வரைக்கும் நேராகப் போயிற்று. அதற்கு மேல் அடைப்பு.

அடைப்பை நீக்கியவள் என் அத்தை. அவளுடைய பெட்டியில், பழைய துணிகளுக்கு அடியில் ஒரு படம் கிடந்தது. பின்பக்கம் ஒரு ஸ்டூடியோவின் முத்திரை. திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தேன். கறுப்புக் கோட்டு போட்டவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தார். இரண்டு காதுகளும் திறந்த கதவு மாதிரி விரிந்திருந்தன. தினமும் கண்ணாடியில் நான் பார்க்கிற காதுகள்.

"இவர்தான்டா உன் கொள்ளுத்தாத்தா."

"என்ன வேலை பார்த்தார் அத்தை?"

"யாருக்குத் தெரியும்? ரொம்ப நல்ல மனுஷன்னு சொல்வாங்க."

நல்ல மனுஷன் என்பது உத்தியோகமாகாது. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா தும்மிக்கொண்டே ஒரு பழைய புத்தகத்தைப் பிரித்தார். தாத்தாவின் பிறப்புக்கு நேரே, 'தகப்பன் தொழில்' என்ற கட்டத்தில் ஒற்றை வார்த்தை: ஸ்டூடியோ.

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஸ்டூடியோ! அப்படியென்றால் முதலாளி!

வீட்டுக்கு வந்ததும் படத்தை மனைவியிடம் நீட்டினேன். அவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் துணி தைப்பவள். முகத்தைப் பார்க்காமல் கோட்டைத்தான் பார்த்தாள்.

"மூணாவது பட்டன் மட்டும் வேற மாதிரி இருக்கே."

"இருந்துட்டுப் போகட்டும். மனுஷரோட கம்பீரத்தைப் பாரு."

"எங்க கொள்ளுத்தாத்தா கோட்டுலயும் மூணாவது பட்டன்தாங்க வேற."

ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தேன். அதே பட்டன். அதே காலர். காலர் ஓரத்தில் அதே தையல். ஆள் இரண்டு, கோட்டு ஒன்று. மனைவி கையை நீட்டிச் சுவரிலிருந்த படத்தின் பின்புறத்தைத் திருப்பினாள். அங்கேயும் அதே முத்திரை. ஸ்டூல் மேலேயே எனக்கு ஞானம் பிறந்தது.

"அடியே! எங்க கொள்ளுத்தாத்தா கோட்டைத்தான் உங்க ஆள் இரவல் வாங்கிப் போட்டிருக்கார்!"

அவள் கோபப்படவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அவளே பேச்சை எடுத்தாள். "அந்த ஸ்டூடியோ இன்னும் இருக்காம். ஆரம்பிச்சவரோட பேரன் நடத்தறாராம். பழைய கண்ணாடி நெகட்டிவ் எல்லாம் பத்திரமா வெச்சிருக்காராம்."

"யார் சொன்னா?"

"துணி தைக்கக் கொடுக்க வந்தவங்க."

"உடனே போகணும்! அங்க எங்க கொள்ளுத்தாத்தா படம் கிடைச்சா, பெருசாக்கி இந்தச் சுவர்லதான் மாட்டுவேன். அப்புறம் அழக்கூடாது."

"மாட்டுங்க. ஆனா முழுப் படமா மாட்டணும். ஓரத்தை வெட்டக் கூடாது, எதையும் மறைக்கக் கூடாது. ஒரு தடவை மாட்டினா எடுக்கவும் கூடாது."

நான் கேட்க நினைத்ததையெல்லாம் அவளே சொல்லிவிட்டாள். ஐயோ பாவம், விவரம் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமே செய்து கொடுத்தேன்.

ஸ்டூடியோ ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தது. உள்ளே பாதி இருட்டு. அட்டையில் வரைந்த மாளிகை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. பரம்பரைச் சொத்தைப் பார்வையிட வந்த வாரிசு மாதிரி மிடுக்காக நுழைந்தேன். ஸ்டூடியோக்காரர் எழுந்து நின்றார். எனக்கல்ல.

"வாங்கம்மா. செவ்வாய்க்கிழமை நீங்க சொன்ன சைஸ்லயே பிரேம் போட்டு வெச்சுட்டேன்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அட்டை மாளிகையைப் பார்த்தாள்.

"இவர்தான் எங்க வீட்டுக்காரர். அந்தக் கோட்டைக் கொஞ்சம் காட்டுங்க."

பீரோவிலிருந்து கோட்டு வந்தது. மூன்றாவது பட்டன் வேறு. திருப்பினார். முதுகே இல்லை! மேலிருந்து கீழ்வரை பிளந்து, இரண்டு பக்கமும் நாடா தைத்திருந்தது.

"படம் எடுக்க வர்றவங்க எல்லாருக்கும் இந்த ஒரே கோட்டுதான் சார். குண்டா இருந்தா நாடாவைத் தளர்த்திக் கட்டுவோம். ஒல்லியா இருந்தா முடிச்சு நிக்காது. ஒரு ஆள் பின்னாடி குந்தி, இழுத்துப் பிடிச்சுக்கணும். அப்பத்தான் முன்னாடி சுருக்கம் விழாது."

"எங்க கொள்ளுத்தாத்தா ரொம்ப ஒல்லிங்க" என்றாள் மனைவி, எனக்கு மட்டும் கேட்கும்படி.

ஸ்டூடியோக்காரர் துணியை விலக்கிப் படத்தைக் காட்டினார். கதவளவு இருந்தது. நடுவில் அதே முறைப்பு, அதே மீசை. வீட்டுப் படத்தில் வெட்டி எறிந்திருந்த ஓரம் இதில் முழுசாக இருந்தது. அந்த ஓரத்தில், நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் குந்தியிருந்தார். இரண்டு கையாலும் நாடாவை இழுத்துப் பிடித்திருந்தார். பல்லைக் கடித்திருந்தார். காதுகள் இரண்டும் திறந்த கதவு.

"பின்னாடி இருக்கறவர் கடைசிவரைக்கும் எங்க தாத்தாகிட்டதான் வேலை பார்த்தார். அவரை மாதிரி நாடா பிடிக்க ஆள் கிடையாதுன்னு தாத்தா சொல்வார். அவர் கல்யாணத்துக்கு இந்தக் கோட்டையே போட்டுவிட்டு இலவசமா ஒரு படம் எடுத்துக் கொடுத்தாராம்."

அத்தை பெட்டியில் கிடந்தது அந்தப் படம்தான்.

மானம் போனது உண்மை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த முகத்தை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. தன்னை யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் என்ன கவனம், என்ன அக்கறை! மீசைக்காரரின் கம்பீரம் முழுவதும் அவர் கையில் இருந்தது. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இருந்தாலும் திரும்பும் வழியில் ஒரு முயற்சி செய்து பார்த்தேன்.

"இதை மாட்ட வேண்டாமே. கல்யாணப் படத்தையே மாட்டிடலாம்."

"சத்தியம் பண்ணினது யாருங்க?"

"கோட்டு ரெண்டு பேருக்குமே இரவல்தானே? அப்ப ரெண்டு பேரும் சமம்."

"கோட்டு சமம்தான். நாற்காலி?"



மாலையில் பழைய படத்தை இறக்கினோம். புதிய படத்தை நானே தூக்கி, நானே ஸ்டூலில் ஏறி, நானே மாட்டினேன். பாரம் தாங்காமல் ஆணி ஆடியது.

"விட்டுடாதீங்க! பெரிய ஆணியா எடுத்துட்டு வரேன்" என்று மனைவி உள்ளே போனாள். மீசைக்காரரின் படத்தில் கன்னத்தை ஒட்டவைத்து, இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் நிதானமாகக் காபி கலக்கும் சத்தம் கேட்டது.

"கை வலிக்குதே!" என்று கத்தினேன்.

"வலிக்காதுங்க. உங்களுக்கு அது ரத்தத்துலயே இருக்கு."