பெத்ரோசாவைத் தள்ளிவிட்ட கதை

வீட்டுல ஒரே ஒரு அறையை மட்டும் விட்டுக்குடுக்காம வச்சிருந்தா போதும், ஆம்பளை ராஜாதான். இது நான் கட்டிக்காத்த கொள்கை. எங்க வீட்டுல வாசலை ஒட்டின அறை என்னோடது. அங்கன ஒரு பெரிய டிவி, கேம் பெட்டி, பின்னால சாஞ்சா கூடவே சாயுற ஒரு நாற்காலி. வண்ணார்பேட்டையில பிளாஸ்டிக் சாமான் கடை வச்சிருக்கிற இந்த நூகு, அந்த அறைக்குள்ள நுழைஞ்சா கால்பந்து அணியோட முதலாளி.

பந்தை நான் உதைக்கிறது இல்ல. திரையில ஓடுற அணிக்கு நிர்வாகம் மட்டும்தான். ஆள் எடுக்கணும், அக்ரிமென்ட் போடணும், சம்பளம் பேசணும். லீக்குல பன்னிரண்டு கூட்டாளிங்க, பாதிப் பேரு இங்கன, பாதிப் பேரு வளைகுடாவுல. என் பொஞ்சாதி முஃபீதா இதைப் பத்திச் சொல்லுறது ஒண்ணுதான். கடைப் பையனுக்குச் சம்பளம் கூட்டச் சொன்னா காது கேக்காது, இல்லாத ஆளுக்கு வாரி இறைக்காவ.

ஒரு மாசமா அந்த அறை மேல அவளுக்குக் கண்ணு. அவ வாப்பா, அதாவது என் மாமா, ஸ்ரீவைகுண்டத்துல மகன் உசாமா வீட்டுல இருக்காவ. உசாமா சார்ஜாவுல வேலை பாக்குதான். இப்போ அவன் பொஞ்சாதி ஷஃபீகாவும் பிள்ளைங்களும் அங்கன போறாவ. மாமா எங்க போவாவ? இங்கனதான். இங்கன எங்க படுப்பாவ? அந்த அறையிலதான். நான் முடியாதுன்னு சொல்லல, சரின்னும் சொல்லல. "பாக்கலாம்"னேன். வியாபாரி பாக்கலாம்னா அதுக்கு அர்த்தம் முஃபீதாவுக்குத் தெரியும்.

இந்த நேரம் பாத்து லீக்குல சம்பள வரம்பு கொண்டாந்துட்டானுவ. மொத்த அணிக்கும் இவ்வளவுதான் சம்பளம். ஞாயித்துக்கிழமை பொழுது சாயுற மக்ரிபு பாங்குக்குள்ள வரம்புக்கு அடங்காத அணி கலைஞ்சுபோகும். நான் வருஷக்கணக்கா வளர்த்த அணி வே. பிள்ளை மாதிரி வளர்த்தது.

என் அணியில வரம்பு மீறினது ஒரே ஆளாலதான். பெயர் பெத்ரோசா. முன்கள ஆட்டக்காரன், வயசு முப்பத்தஞ்சு. முந்தி ஒரு இறுதி ஆட்டத்துல ரெண்டு கோல் அடிச்சான். அந்தச் சந்தோசத்துல உச்சச் சம்பளத்துல அஞ்சு வருஷ அக்ரிமென்ட் போட்டுக் குடுத்துட்டேன். இன்னும் மூணு வருஷம் பாக்கி. இப்போ அவன் ஓடுறதைப் பாத்தா, ஜும்மாத் தொழுகை முடிஞ்சு செருப்பைத் தேடுறவன் மாதிரி இருக்கு. சரி, விரட்டி விடலாம்னா, விரட்டினாலும் சம்பளம் என் தலையிலதான் ஏறும். வேற ஒருத்தன் எடுத்தாத்தான் எனக்கு விடுதலை.

எல்லாவனையும் கேட்டுப் பாத்தேன். ரசீத் சிரிச்சான், போனை வச்சான், திரும்பக் கூப்பிட்டு இன்னொரு தடவை சிரிச்சான். வரம்புக்குள்ள இடம் வச்சிருந்தது என் மச்சினன் உசாமா ஒருத்தன்தான். ஆனா போன வருஷம் தோள் இறங்கின கோல்கீப்பரை அவன் தலையில நான் கட்டினேன். அதுலேர்ந்து என் போனை அவன் எடுக்கிறது இல்ல.

ஞாயித்துக்கிழமை அஸர் தொழுகையும் முடிஞ்சுட்டு. வேற வழியில்லாம அடுக்களைக்குப் போனேன். முஃபீதா சாளை மீனை ஆய்ஞ்சுகிட்டு இருந்தா. உன் தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசேன்னு விஷயத்தைச் சொன்னேன். நிமிராமயே கேட்டா.

"அந்த ஆளுக்கு என்ன வயசு?"

"முப்பத்தஞ்சு."

"ஓடுவாரா?"

"முன்ன மாதிரி ஓட மாட்டான்."

"அதனால வெளிய தள்ளப் போறீங்க."

"தள்ளுறது இல்ல, நல்ல இடமாப் பாத்து அனுப்புறது."

அவ இன்னொரு மீனை எடுத்தா. இவ யாரு மகள்னு உங்களுக்குச் சொல்லணும். மாமா மேலப்பாளையம் ஆட்டுச் சந்தையில நாப்பது வருஷம் தரகு பாத்தவாவ. வாங்குறவன், விக்கிறவன் கையை ஒரு துண்டுக்குள்ள மூடிக்கிட்டு, விரலைத் தொட்டுத் தொட்டே விலை பேசி முடிப்பாவ. பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. கை குடுத்தாச்சுன்னா பேச்சு முடிஞ்சுது. ஆடு வீடு போற வழியில செத்தாலும் விலை மாறாது. அந்த ரத்தம்தான் இவளுக்கும்.

ஒவ்வொரு மீனா ஆய்ஞ்சா. வால், செதில், குடல். நான் சன்னல் வழியா வெயிலைப் பாத்தேன். எதுத்த வீட்டுச் சுவத்துல இருந்த வெளிச்சம் மாடிக்கு ஏறிட்டு. கடைசியில அவ பைய எழுந்து, கையைக் கழுவி, ஆணியில கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து என் முன்னால விரிச்சா.

"கையைக் குடுங்க."

"உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு முதல்ல. சேலையா?"

"சேலை நானே வாங்கிக்கிடுவேன். நான் என்ன பேசி முடிச்சாலும் சம்மதம்னா கையைக் குடுங்க. இல்லாட்டி எண்ணெய் காயுது, நான் மீனைப் பொரிக்கணும்."

மிஞ்சிப்போனா ஒரு ஜோடி கம்மலா இருக்கும்னு கணக்குப் போட்டேன். துண்டுக்குள்ள கையை விட்டேன். ஒரு அமுக்கு அமுக்கிட்டு விட்டுட்டா.

போனை எடுத்துக்கிட்டு உள்ள போய்க் கதவைச் சாத்தினா. நான் என் அறையில திரையையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். உள்ளேர்ந்து சிரிப்புச் சத்தம் வந்துது. பொறவு மூக்கை உறிஞ்சுற சத்தம். பேரம் முறிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். பள்ளிவாசல்ல மைக்கைப் போட்டு, பாங்கு சொல்லுற மோதினார் தொண்டையைச் செருமினாரு. அந்தச் செருமலோட திரையில ஒரு வரி வந்து நின்னுது. உசாமாவோட அணி பெத்ரோசாவைக் கேக்குது. முழுச் சம்பளம், மூணு வருஷமும் அவன் பொறுப்பு. பாஞ்சு விழுந்து சம்மதத்தை அமுக்கினேன். பாங்கு ஆரம்பிச்சுது. என் அணி பிழைச்சுட்டு.

அன்னைக்கு மீன் பொரியலுக்கு ஈடு இணையே இல்ல. என்ன பேசினன்னு கேட்டேன். காலையில தெரியும்னா.

காலையில வாசல்ல ஒரு ஆட்டோ வந்து நின்னுது. முதல்ல ஒரு டிரங்குப் பெட்டி இறங்குச்சு, பொறவு ஒரு கைத்தடி, பொறவு மாமா. நேரா என் அறைக்குள்ள போனாவ.

நான் முஃபீதாவைப் பாத்தேன். அவ துண்டை உதறிக் கொடியில போட்டுக்கிட்டே சொன்னா.

"உங்க ஆளை அவன் பாத்துக்கிடுதான். எங்க ஆளை நாம பாத்துக்கிடுதோம். கை குடுத்திருக்கீங்க."

"எத்தனை வருஷத்துக்கு?"

"அல்லாஹ் நாடுற வரைக்கும்."

என்ன செய்ய. நாற்காலியை மட்டும் எப்படியோ கூடத்துக்கு இழுத்துக்கிட்டு வந்துட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை என் அணிக்கும் உசாமா அணிக்கும் ஆட்டம். கூடத்துல உக்காந்து போன்ல பாத்தேன். உள்ள மாமா அதையே பெரிய டிவியில பாக்காவ, மகன் அணி ஆச்சே. பெத்ரோசா ரெண்டு கோல் அடிச்சான். ரெண்டும் எனக்கு எதிரா. உள்ளேர்ந்து மாமா குரல் வந்துது.

"மாப்ளே, இந்த வயசாளி நல்லாத்தானே ஆடுதான். இவனை ஏன்வே தள்ளிவிட்டீரு?"

எனக்குப் பொறுக்கல. ரோஷம் வந்துட்டு. நானும் வியாபாரிதான். சிவப்புத் துண்டைக் கொடியிலேர்ந்து எடுத்துக்கிட்டு, அறையைச் சாயங்காலம் ஒரு மணி நேரமாவது மீட்டுடணும்னு உள்ள போய் மாமா பக்கத்துல உக்காந்தேன். மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சந்தைக்குப் போறதை விட்டு எத்தனை காலமாச்சோ. துண்டை விரிச்சு என் கையை மூடினாவ. விரலைத் தொட்டாவ, விட்டாவ, திரும்பத் தொட்டாவ. கதவோரமா நின்ன முஃபீதா வாயைப் பொத்திக்கிட்டா. கொஞ்ச நேரத்துல துண்டை எடுத்தாச்சு.

அறையைக் கேக்கப் போனவன், நாற்காலியையும் குடுத்துட்டு வந்தேன்.