எட்டாம் நம்பர்

“ஆளுக்கொரு நம்பர் வெச்சிருக்கீங்க! எதைப் பிடிக்கிறதுன்னு தெரியாம என் கடை ஆளுங்க முழிக்கிறாங்க. இன்னைக்கே ஒரே நம்பரா ஆக்குங்க. இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கறேன்.”

மருந்துக்கடை முதலாளி படக்கென்று போனை வைத்துவிட்டார். குழுத் தலைவர் தன் ஆட்கள் மூவரையும் அவசரமாகக் கூப்பிட்டார். அந்தச் சின்ன மென்பொருள் கம்பெனிக்கு உருப்படியான வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான். அவர் போனால் குழுவே காலி, பாவம், நாலு வீட்டு அடுப்பும் அணைந்துவிடும்.

மென்பொருளில் மூன்று பகுதிகள், தனித்தனியாக வெளியாகும். பில் ஏழாம் பதிப்பு, சரக்கு மூன்றாம் பதிப்பு, அறிக்கை இப்போதுதான் ஒன்று. அவற்றைக் கவனிப்பவர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பில் அண்ணன், அறிக்கை அக்கா, சரக்குத் தம்பி. கடைசி ஆசாமி மட்டும், “அந்தப் பேரை எங்க வீட்டுல சொல்லிடாதீங்க” என்று கெஞ்சுவான்.

“பதிப்பு நம்பரைத்தான் சொல்றார். மூணுக்கும் ஒண்ணாப் போடுவோம்,” என்றார் தலைவர்.

“அப்ப ஏழு,” என்றார் பில் அண்ணன்.

“மூணுலேருந்து ஏழா? நடுவுல இருந்ததெல்லாம் எங்கேன்னு கேட்டா, தின்னுட்டேன்னு சொல்றதா? நீங்க இறங்கி வாங்கண்ணே,” என்றான் சரக்குத் தம்பி.

“இறங்கறதுக்கு நான் என்ன லிஃப்ட்டா?”

சரக்குத் தம்பியின் மேசையில் போன் அடித்தது. “பில்லா? அது எங்க பகுதி இல்லீங்க,” என்று வைத்துவிட்டு மறுபடி சண்டைக்கு வந்தான்.

“தேதியையே நம்பராப் போட்டா?” என்றாள் அறிக்கை அக்கா.

“ஐயோ, புதுசு போடாம எத்தனை நாள் தூங்கினோம்னு ஊருக்கே தெரிஞ்சிடும்மா!” என்றார் பில் அண்ணன்.

சரி, ஆளுக்கொரு நம்பர் இருக்கட்டும், மொத்தத்துக்குத் தாய் நம்பர் ஒன்று வைப்போம் என்றார் தலைவர். எண்ணிப் பார்த்தால் மூன்று, நாலாகியிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

அறிக்கை அக்காவின் போன் அடித்தது. “சரக்கா? தப்பான இடத்துக்கு அடிச்சிட்டீங்க.”

கடைசியில், யாருக்கும் சொந்தமில்லாத எட்டுக்கு மூவரும் அரை மனதாகத் தலையாட்டினார்கள். எட்டைப் போட்டதுதான் தாமதம், சரக்கை யாரென்றே தெரியாது என்றது பில். மூன்றாம் பதிப்போடு மட்டும் பேசு என்று பில் அண்ணன் அதற்கு எப்போதோ சொல்லிவைத்திருந்தாராம்! அதைத் திருத்தினால் அறிக்கை முறுக்கிக்கொண்டது. தலைவர் காலில் விழாத குறைதான். சாப்பாட்டைக்கூட மறந்து மூவரையும் ஒரே கணினி முன்னால் உட்காரவைத்தார்.

சாயங்காலம் மூன்று பகுதிகளும் ராசியாகின. தலைவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. புதிய பதிப்பை அனுப்பிவிட்டுக் கடைக்குப் போன் போட்டார். கல்லாவில் இருந்த பெண் எடுத்தாள்.

“முதலாளிகிட்ட சொல்லும்மா. எல்லாப் பகுதிக்கும் இனிமே ஒரே நம்பர். எட்டு!”

“எட்டு... எழுதிக்கிட்டேன் சார். மீதி நம்பரையும் சொல்லுங்க. இனிமே எந்தப் பகுதின்னாலும் அந்த ஒரே போனுக்கு அடிச்சாப் போதும்தானே?”